பிசியோதெரபி கிளினிக் திறந்தாயிற்று, ஆட்கள் எப்படி வருவார்கள்?

திருப்பூரில் காங்கேயம் ரோட்டுப் பக்கம் நான் கிளினிக் திறந்த முதல் வாரம், மொத்தமே மூன்று பேர்தான் உள்ளே வந்தார்கள். ஒருவர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர் மசாஜுக்கு எவ்வளவு என்று கேட்டார். மூன்றாவதாக வந்த பெரியம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏனுங் கண்ணு, இங்க கரண்ட் வெப்பீங்களா?" என்றார். வலிக்கு மின்சாரக் கருவி வைப்பதைத்தான் அப்படிக் கேட்டார்.

அந்த அம்மாவுக்கு வலது தோள் இறுகிப் போயிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்; அவருக்கும் எட்டு வருடமாகச் சர்க்கரை. தலைக்குப் பூ வைக்கக் கை எட்டவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்ட தினமும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு அடுத்த தெருவில். ஐந்து நாளாக என் கிளினிக்கைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்திருக்கிறார். என் பலகையில் 'பிசியோதெரபி அண்ட் ரீஹாபிலிடேஷன் சென்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது தனக்கான இடம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கிளினிக் போடும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நாலரை வருடப் படிப்பில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வலியோடு இருக்கிற ஒருவர் நம்மை எப்படிக் கண்டுபிடித்து வருவார் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேச்சுச் சிகிச்சை தருபவர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் போன்றவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கு விளம்பர விதிகள் தனி, கண்டிப்பும் அதிகம். 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி கிளினிக் தொடங்கியது, இடம் மாறியது, வெளியூர் போய்த் திரும்பியது போன்ற சில அறிவிப்புகளைத்தான் அவர்கள் பத்திரிகையில் கொடுக்கலாம்.

பலகைக்கு முன்னால் பதிவு

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. பதிவுக்கு மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 'ஜேடி ஆபீஸ்' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். நம் தொழிலையும் சேர்த்து நெறிப்படுத்த ஒன்றிய அரசு 2021-ல் ஒரு ஆணையச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. சான்றிதழ் வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு, உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படும் சுவரில் மாட்டுங்கள். பக்கத்திலேயே உங்கள் பட்டச் சான்றிதழும் இருக்கட்டும். கூட வந்த மகனோ மருமகனோ காத்திருக்கும் நேரத்தில் அதைத்தான் படிப்பார்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்ற வாதம் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் போடக் கூடாது என்று ஒரு கடிதம் அனுப்பி, மறுநாளே அதை நிறுத்தி வைத்தது. நான் கடைப்பிடிப்பது இதுதான்: 'பிசியோதெரபிஸ்ட்' என்ற சொல்லைப் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் எழுதியிருக்கிறேன். மருந்துச் சீட்டு எழுதித் தருவார் என்று நினைத்து ஒருவர்கூட ஏமாந்து வரக் கூடாது.

பலகையில் என்ன எழுதுவது

அந்தப் பெரியம்மா வந்துபோன வாரமே பலகையை மாற்றினேன். தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தில் விதியும்கூட. இப்போது இப்படி இருக்கிறது:

கழுத்து, முதுகு, முழங்கால் வலிக்குப் பயிற்சிச் சிகிச்சை
தோள் இறுகிக் கை தூக்க முடியாதவர்களுக்கு
பக்கவாதத்துக்குப் பின் நடைப் பயிற்சி
கட்டுப் பிரித்தபின் கை, கால் மடங்காதவர்களுக்கு
தரைத்தளம், படி இல்லை

கடைசி இரண்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கம் கை ஒடிந்தால் புத்தூர் கட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் ஏராளம். மாவுக்கட்டு போட்டவர்களும் உண்டு. எங்கே கட்டியிருந்தாலும், பிரித்தபிறகு முழங்கை மடங்காமல் நிற்கும்போது யாரிடம் போவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒடிந்த எலும்பு கூடிவிட்டது, அப்புறமும் கை வாய்க்கு எட்டவில்லையே என்று மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். 'கட்டுப் பிரித்தபின்' என்ற இரண்டு சொல்லைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி உள்ளே வந்தவர்கள் உண்டு. 'படி இல்லை' என்பதை எழுதச் சொன்னது என் அம்மா. முழங்கால் வலிக்காரர் மாடிப்படியைப் பார்த்தாலே திரும்பிப் போய்விடுவார் என்றார். மாடியில்தான் இடம் கிடைத்தது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். போனில் கேட்பவரிடம் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

'குணமாக்கப்படும்' என்ற சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள். பக்கவாதம், மூட்டுவாதம், உடல் பருமன் உட்பட 54 நோய்களுக்கு மருந்தோ மந்திரமோ தீர்வு என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. நாம் மருந்து கொடுப்பதில்லை என்று தள்ளிவிட முடியாது. சேவைகளைப் பற்றிய தவறான விளம்பரத்துக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுத்திருப்பவரின் மனைவி 'நூறு சதவீதம் குணம்' என்ற வரியைப் படித்தால் தாலிக்கொடியை அடகு வைத்துக்கூடப் பணம் கொண்டுவருவார். அந்தப் பணத்தை வாங்கும் கை நம்முடையதாக இருக்கக் கூடாது.

சுற்றி மூன்று கிலோமீட்டரில் யார் இருக்கிறார்கள்?

வாரத்துக்கு மூன்று நாள் சிகிச்சைக்கு வர வேண்டிய ஒருவர் தொலைவிலிருந்து வரமாட்டார். அதனால் ஊர் முழுக்கத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். ஒரு சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கும் காலனியா, கல்லூரியா, மில்லா, எலும்பு மருத்துவர் யாராவது இருக்கிறாரா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைச் சுற்றி இருப்பது பனியன் கம்பெனிகள். ஓவர்லாக், பிளாட்லாக் மெஷினில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிற டெய்லர்கள், நின்றுகொண்டே வேலை செய்கிற செக்கிங் பெண்கள். பலர் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். நானோ காலை பத்து முதல் ஒன்று, மாலை ஐந்து முதல் எட்டு என்று வைத்திருந்தேன். அவர்கள் வரவே முடியாத நேரம். இரவு எட்டரை முதல் பத்து, ஞாயிறு காலை என்று மாற்றிய பிறகுதான் அவர்கள் வர ஆரம்பித்தார்கள். சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும் என்பதால், வாரக் கட்டணத்தைச் சனி இரவு வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் வந்தவர் ஓவர்லாக் டெய்லர், வயது முப்பத்தைந்து இருக்கும். கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை இழுக்கிறது என்றார். படுக்கையில் படுக்கச் சொல்வதற்கு முன்னால், ஒரு நாற்காலியைப் போட்டு மெஷினில் எப்படி உட்காருவீர்கள் என்று காட்டச் சொன்னேன். ஸ்டூல் தாழ்வு, மேசை உயரம். இரண்டு தோளும் காதை நோக்கி ஏறியிருந்தன. அந்த நிலையில் மணிக்கணக்காக இருந்தால் யாருக்குத்தான் வலிக்காது? மடித்த துணி நான்கு விரல் உயரத்துக்கு ஸ்டூலில் போட்டுக்கொள்ளச் சொன்னேன், ஒரு கட்டுத் துணி தைத்து முடிக்கும் ஒவ்வொரு தடவையும் தோளைப் பின்னால் ஐந்து முறை சுழற்றச் சொன்னேன். சிகிச்சையோடு இதுவும் சேர்ந்து இரண்டு வாரத்தில் நல்ல மாற்றம். அந்த லைனில் இருந்த மற்றவர்கள் அவர் துணி மடித்துப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

உங்கள் ஊரில் அது தறி ஓட்டுகிறவராக இருக்கலாம், பேருந்து ஓட்டுநராக இருக்கலாம், மீன் கூடை தூக்குகிற அம்மாவாக இருக்கலாம். அவருடைய வேலையைப் போய்ப் பாருங்கள். அதைப் பற்றி நாலு வார்த்தை அவர் மொழியில் பேசத் தெரிந்தால், அச்சடித்த நோட்டீஸ் எதுவும் செய்யாத வேலையை அது செய்யும்.

மருத்துவருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

புதிதாகக் கிளினிக் போடுகிற பலரும் இனிப்பு டப்பாவும் விசிட்டிங் கார்டும் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். நானும் போனேன். தப்பில்லை. ஆனால் அவர் மேசையில் அப்படிப்பட்ட கார்டுகள் ஒரு கட்டு இருக்கும். தன்னிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வெளியே போய் என்ன ஆனார் என்று அந்த மருத்துவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்புவார். அதை நாம் சொல்லலாம்.

அவருடைய நோயாளி யாராவது உங்களிடம் வந்தால், அவர் அனுப்பாமல் தானாக வந்திருந்தாலும் சரி, நோயாளியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு மூன்றாவது வாரம் ஒரு பக்கம் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். நான் எழுதும் விதம் இது:

"வயது 62. வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 16-ஆம் நாள் வந்தார். அன்று முழங்கால் 70 டிகிரி மடங்கியது. நேராக நீட்ட 10 டிகிரி குறைவு. 12 முறை பயிற்சிக்குப் பின் 108 டிகிரி மடங்குகிறது. நீட்ட 3 டிகிரி குறைவு. வாக்கரை விட்டுவிட்டு ஊன்றுகோலுடன் நடக்கிறார். படி இறங்கத் தயங்குகிறார். அடுத்த இரண்டு வாரம் தொடைத் தசைக்கும் படிக்கும் பயிற்சி. தையல் இடத்தில் சிவப்போ கசிவோ இல்லை. வேறு ஏதும் கவனிக்க வேண்டுமானால் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். புகழ்ச்சி வேண்டாம், 'தங்கள் மேலான ஆதரவை நாடும்' வேண்டாம். எண்கள் இருக்கட்டும், இன்னும் சரியாகாததும் இருக்கட்டும். நான் இப்படி எழுதத் தொடங்கி ஐந்தாறு கடிதம் போன பிறகு, அதுவரை நேரில் இரண்டு நிமிடம்கூடப் பேசாத ஒரு மருத்துவர் போனில் கூப்பிட்டு, தோள் அறுவை சிகிச்சை செய்த ஒருவரை அனுப்பட்டுமா என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாம் திருப்பி அனுப்பும் நோயாளியும் இதில் சேர்த்தி. முதுகு வலி என்று வந்தவர், இரண்டு நாளாகச் சிறுநீர் போவது தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது என்று சொன்னால் படுக்கையில் ஏற்றாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்கக் கூடாது, உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அப்படி அனுப்பும்போது அன்றைய வருமானம் போகும். அந்தக் குடும்பம் உங்களை மறக்காது.

கமிஷன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மேலாளர், ஆள் அனுப்புகிறோம், ஒவ்வொருவருக்கும் பங்கு கொடுங்கள் என்று நேராகவே கேட்டார். அப்போது எனக்கு வாடகை கொடுக்கவே சிரமம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மருத்துவர்கள் அப்படிப் பங்கு வாங்குவதை அவர்களுடைய 2002 விதிகளே தடுக்கின்றன. பங்கு கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்போம்? ஆறு முறையில் முடிய வேண்டிய சிகிச்சையைப் பன்னிரண்டாக இழுத்துத்தான் எடுப்போம். அங்கிருந்து ஆள் வராமலே என் கிளினிக் நடக்கிறது.

கூகுள் மேப்பில் உங்கள் இடம்

இதற்குக் காசு கிடையாது, ஒரு மதியம் போதும். கிளினிக்கின் பெயரைப் பலகையில் இருப்பது போலவே பதியுங்கள். பெயரோடு 'திருப்பூரின் சிறந்த முதுகு வலி சிகிச்சை' என்று ஒட்டுவது கூகுளின் விதிக்கு எதிரானது, பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். இடம் உண்மையா என்று உறுதிசெய்ய இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பலகை, பூட்டைத் திறந்து உள்ளே போவது, உள்ளே உள்ள கருவிகள் என்று நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். பலகை மாட்டிய பிறகு செய்தால் வேலை எளிது.

தேடும்போது யாரை முன்னால் காட்டுவது என்பதை, தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்ற மூன்றை வைத்து முடிவு செய்வதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்கும் வழி உண்டு. வகை 'பிசியோதெரபிஸ்ட்' என்று சரியாக இருக்கட்டும். நேரம் உண்மையாக இருக்கட்டும். பொங்கல், தீபாவளி விடுமுறையை முன்னாலேயே மாற்றிவிடுங்கள். வலியோடு ஆட்டோ பிடித்து வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்க்கக் கூடாது. படம் போடும்போது கருவிகளை மட்டும் எடுக்காமல், தெருவிலிருந்து வாசல் எப்படித் தெரிகிறது, வண்டி எங்கே நிறுத்துவது, கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா என்று காட்டுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அப்பாவுக்கு இடம் தேடும்போது இதைத்தான் பார்க்கிறாள்.

மதிப்புரை கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. முதல் நாள் கேட்காதீர்கள். தானாகப் படி ஏறிவிட்டேன் என்று அவர் சந்தோஷமாகச் சொல்லும் அன்று, "உங்களுக்கு நேரம் இருந்தா கூகுள்ல நாலு வரி எழுதுங்க, உங்களை மாதிரி வலியில இருக்கிறவங்க படிப்பாங்க" என்று சொல்லுங்கள். கட்டணக் குறைப்போ பரிசோ கொடுத்து எழுத வைப்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. சொந்தக்காரர்களை எழுதச் சொன்னால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

குறை சொல்லி ஒருவர் எழுதினால் அன்று மனசு ரொம்பக் கஷ்டப்படும். ஒரு நாள் கழித்துப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலில் அவருடைய நோயைப் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது. 'நீங்கள் மூன்று நாளில் இடுப்புப் பயிற்சியை நிறுத்திவிட்டீர்கள்' என்று எழுதினால், நம் பக்கம் நியாயம் இருந்தாலும் அவருடைய ரகசியத்தைத் தெருவில் போட்டதாக ஆகிவிடும். "காத்திருக்க வைத்ததற்கு வருந்துகிறோம். கிளினிக் எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிடுங்கள், பேசலாம்" என்பது போதும்.

வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். சொந்த எண்ணைக் கொடுக்காமல் கிளினிக்குக்கு என்று ஒரு சிம் வாங்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் இரவு பதினொன்றரைக்கும் போன் வரும். நேரம், கட்டணம், வழி ஆகிய மூன்றுக்கும் பதிலை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நான் இதை அதிகம் பயன்படுத்துவது பயிற்சியை நினைவூட்டத்தான். நோயாளி பயிற்சி செய்யும்போது அவருடைய போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்துவிடுவேன். வீட்டில் செய்யும்போது தன் உடம்பையே பார்த்துச் செய்வது, வேறு யாரோ செய்வதைப் பார்ப்பதைவிட எளிது. இரண்டு நாள் கழித்து, "அம்மா, சுவத்துல விரல் ஏத்துற பயிற்சி எத்தனாவது கோடு வரைக்கும் போகுது?" என்று ஒரு வரி. பதில் வரும். சில நேரம் சுவரைப் படம் எடுத்தே அனுப்புவார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மாதம் ஒரு தடவைக்கு மேல் அனுப்பாதீர்கள். குட்மார்னிங் படம் வேண்டவே வேண்டாம். நோயாளியின் முகமோ ஸ்கேன் படமோ ஸ்டேட்டஸில் போவதற்கு முன்னால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தனிநபர் தகவல்களுக்கு 2023-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. கட்டிலில் படுத்திருப்பவரிடம் சம்மதம் கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் சிகிச்சை முடிந்து கிளம்பும் நாளில்தான் நான் கேட்பேன்.

ரீல்ஸ் போடலாம், ஆர்வம் இருந்தால். கழுத்தைச் சொடுக்கிச் சத்தம் வரவைக்கும் வீடியோவை மட்டும் போடாதீர்கள். பார்த்துவிட்டு வீட்டில் யாராவது முயற்சி செய்வார்கள்.

முகாம்

இலவச முகாம் என்று பொதுவாகப் போட்டால் கூட்டம் வரும், இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு காரணத்தோடு போடுங்கள். எங்கள் பக்கத்தில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். இங்கிருந்து தாராபுரம் வழியாகப் பழனி. பாதிப் பேருக்குப் பழக்கம் இருக்கும். மீதிப் பேர் வருடம் முழுக்க உட்கார்ந்து வேலை செய்துவிட்டு நேராகச் சாலையில் இறங்குகிறவர்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாத்திரைக் குழுவின் குருசாமியிடம் கேட்டு, மாலை போட்டவர்களுக்குப் பாதப் பரிசோதனை செய்கிறேன். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, நடையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் விதம், கொப்புளம் வந்தால் செய்ய வேண்டியது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு வருடம் ஒருவருக்கு இரண்டு காலிலும் உணர்வே இல்லை. வெறுங்காலோடு போவதாக வேண்டுதல். நான் பேசியதில் அவர் சரி என்று சொல்லவில்லை. குருசாமி, "முருகன் செருப்பு போட்டு வந்தா வேண்டாம்னு சொல்லமாட்டான், போட்டுட்டு வா" என்றார். போட்டுக்கொண்டு போய் வந்தார்.

ஓய்வூதியர் சங்கக் கூட்டம், காலை நடைப்பயிற்சிக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு எல்லாம் நல்ல இடங்கள். இருபது நிமிடம் போதும். கீழே விழாமல் இருப்பது எப்படி என்று ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி நாள் என்பதால் அந்த வாரம் பள்ளி, கல்லூரியில் இடம் கேட்டால் எளிதாகக் கிடைக்கும்.

வருகிறவர்களில் பணம் கட்ட முடியாதவர் கட்டாயம் இருப்பார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அவர்களுக்குக் கொடுங்கள்.

கட்டணமும் போனில் பேச்சும்

கட்டணத்தைச் சுவரில் எழுதிவிடுங்கள். எத்தனை முறை வர வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லுங்கள். 'ஆறு முறை வாங்க, அன்னைக்குத் திரும்ப அளந்து பார்ப்போம், மாற்றம் இல்லேன்னா டாக்டர்கிட்ட அனுப்புறேன்' என்று சொன்னால் மக்கள் நம்பி வருகிறார்கள். இருபது நாளுக்கு முன்பணம் வாங்கும் பேக்கேஜ் எனக்குப் பிடிக்காது. ஐந்தாவது நாளே சரியானவருக்கு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்?

வலி குறைந்ததும் மூன்றாவது நாளே நின்றுவிடுவார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பது. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். 'ஏன் வரலை' என்று கேட்காமல், 'இப்ப எப்படி இருக்கீங்க' என்று கேளுங்கள். பாதிப் பேர் வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். சிலர், வேறு இடத்தில் காட்டியும் சரியாகவில்லை, திரும்ப உங்களிடம் வரக் கூச்சமாக இருந்தது என்பார்கள்.

எங்கே செலவு செய்ய வேண்டாம்

செய்தித்தாளுக்குள் வைத்து ஐயாயிரம் நோட்டீஸ் கொடுத்தேன். அதைப் பார்த்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உள்ளூர் கேபிளில் ஓடும் எழுத்தும் அப்படித்தான் போனது. சாலையோர பிளக்ஸ் பக்கமே போகாதீர்கள். 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண்ணின் உயிர் போனது. எலும்பு முறிவோடு வருகிறவர்களுக்குச் சிகிச்சை தருகிற நாம் அப்படி ஒன்றைக் கட்டி வைக்கலாமா? கூகுளில் காசு கட்டும் விளம்பரத்தை, முதல் ஆறு மாதம் மேலே சொன்னதையெல்லாம் செய்து பார்த்த பிறகு, வேண்டுமானால் ஒரு மாதம் சின்னத் தொகைக்குப் போட்டுப் பாருங்கள்.

எது வேலை செய்கிறது என்று தெரிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். 'மேப்', 'பலகை', 'டாக்டர்', 'பழனி முகாம்', 'பிளாட்லாக் அக்கா'. மாதக் கடைசியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எங்கிருந்து ஆள் வருகிறதோ அங்கே அடுத்த மாத நேரத்தைக் கொடுங்கள். எந்தக் கடிதத்துக்குப் பிறகு எந்த மருத்துவரிடமிருந்து யார் வந்தார் என்பதும் அதில் தெரியும். அவருக்கு அடுத்த கடிதத்தைத் தாமதிக்காமல் அனுப்பலாம்.

என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில், பலகை மாற்றிய பிறகு வந்த ஏழு பேருக்கு நேராக ஒரே பதில்தான் இருக்கிறது: 'ரேஷன் கடையில ஒரு பெரியம்மா சொன்னாங்க.' தோள் சரியாகி, தானே கொக்கி மாட்டிக்கொள்ள ஆரம்பித்த அவர்தான்.